ஆட்டக்காரரின் கூலி

ஜேம்ஸ் பீட்டர்ஸ் 1879இல் இங்கிலாந்தின் சால்ஃபோர்ட் நகரில் பிறந்தார். தந்தை ஜமைக்காக்காரர், சர்க்கஸில் சிங்கங்களைப் பழக்கியவர், கூண்டுக்குள் சிங்கங்கள் தாக்கியே இறந்தார். தாய் ஆங்கிலேயப் பெண். குதிரை வித்தைக்காக இன்னொரு சர்க்கஸ் குழுவில் சேர்க்கப்பட்ட சிறுவன், பதினொரு வயது வாக்கில் கையை முறித்துக்கொண்டான். வித்தைக்கு உதவாத பிள்ளையை அந்தக் குழு கைவிட்டுவிட்டது. லண்டன் அநாதை இல்லங்களில் வளர்ந்து, அச்சு வேலையும் தச்சு வேலையும் கற்று, பிரிஸ்டலுக்கு வந்து, அங்கே ரக்பி ஆடத் தொடங்கினார். கறுப்பர் ஒருவரை அணியில் எடுத்ததை எதிர்த்து அந்தக் கழகத்தின் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பதவி விலகினார். 1902இல் பீட்டர்ஸ் பிளிமத்துக்குக் குடிபெயர்ந்தார். கப்பல் கட்டும் துறையில் தச்சு வேலை, சனிக்கிழமை தோறும் ஆட்டம் என்று வாழ்க்கை நிலைபெற்றது.

1906 மார்ச் 17 அன்று அவர் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து அணியில் களமிறங்கினார். இங்கிலாந்து ரக்பி அணியில் ஆடிய முதல் கறுப்பர் அவர்தான். அந்த ஆட்டம் கல்கத்தா கிண்ணத்துக்கானது. கல்கத்தாவில் வெள்ளையர் நடத்திய ரக்பி கழகம் கலைந்தபோது, அதன் கணக்கிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்து 1878இல் இங்கிலாந்துக்குக் கொடுத்த கிண்ணம் அது. பணத்தைத் தீட்டு என்று ஒதுக்கிய விளையாட்டின் மிகப் பழைய சர்வதேசப் பரிசு, இந்திய நாணயங்களால் ஆனது. அதே மாதம் பாரிஸில் பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் பீட்டர்ஸ் புள்ளியும் எடுத்தார்.

அந்த ஆண்டின் பின்பகுதியில் தென்னாப்பிரிக்க அணி முதன்முறையாகப் பிரிட்டனில் சுற்றுப்பயணம் செய்தது. பிளிமத்தில் டெவன் மாவட்ட அணியுடன் ஆட வந்த வீரர்கள், எதிரணியில் பீட்டர்ஸ் இருப்பதைக் கண்டு ஆட மறுத்தார்கள். அவர்கள் நாட்டுத் தூதர் எடுத்துச் சொன்ன பிறகே இறங்கினார்கள். டிசம்பரில் லண்டனில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதியபோது இங்கிலாந்து அணியில் பீட்டர்ஸ் பெயர் இல்லை. விருந்தினரின் நிறவெறிக்குப் பணிந்ததே காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் முடிவுகட்டியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அவரைத் திரும்ப அழைத்தார்கள். 1908 வரை மொத்தம் ஐந்து சர்வதேச ஆட்டங்கள் ஆடினார்.

பிறகு கப்பல் துறையில் நேர்ந்த விபத்தில் ஒரு கையின் மூன்று விரல்கள் போயின. பந்தைப் பிடித்து எறிவதையே தொழிலாகக் கொண்ட இடத்தில் ஆடியவருக்கு அது சிறிய இழப்பல்ல. ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை. அவருடைய ரக்பி யூனியன் வாழ்க்கையை முடித்துவைத்தது வேறொன்று: கழகத்திடம் பணம் பெற்றார் என்று 1912இல் அவரைத் தடைசெய்தார்கள். வடக்கே போய், கூலி கொடுத்து ஆடவைத்த நார்தர்ன் யூனியனில் பாரோ அணிக்கும் பின்பு செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கும் ஆடினார். 1914இல் அதுவும் முடிந்தது. விரல் இழந்த ஒரு தச்சர் ஆட்டத்தின் பெயரால் சில பவுன்கள் வாங்கியது ஏன் பாவமாகக் கருதப்பட்டது?

இந்தக் கேள்விக்கு வயது அதிகம். இங்கிலாந்தின் வடபகுதியில் சுரங்கத்திலும் நூற்பாலையிலும் வேலை செய்தவர்கள் சனிக்கிழமையும் பாதி நாள் உழைத்தார்கள். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை மட்டுமாவது ஈடுகட்ட வேண்டும் என்று யார்க்ஷயர் கழகங்கள் 1893இல் கேட்டன. ரக்பி யூனியன் கூட்டத்தில் 282க்கு 136 என்ற வாக்கில் கோரிக்கை தோற்றது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஓட்டலில் வடபகுதிக் கழகங்கள் கூடிப் பிரிந்துபோய் நார்தர்ன் யூனியனை அமைத்தன. அவர்கள் அனுமதித்த ஈட்டுத்தொகை நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங். அந்த ஆறு ஷில்லிங்குக்காக இரண்டு ரக்பி பிறந்தது. பிரிந்தவர்களின் ஆட்டத்தில் பிற்பாடு ஆட்டக்காரர் எண்ணிக்கை பதின்மூன்றாகக் குறைந்தது. இன்று ரக்பி லீக் என்று அறியப்படுவது அதுவே. ஒருமுறை அந்தப் பக்கம் ஆடியவர் இந்தப் பக்கம் திரும்பக் கூடாது என்பது அன்றைய விதி. சமய விலக்கு போன்ற கடுமை அதில் இருந்தது.

சமயம் அதற்குப் பின்னால் இருக்கவும் செய்தது. விக்டோரியா காலத்துப் பள்ளிகள் உடல் வலிமையையும் கிறிஸ்தவ ஒழுக்கத்தையும் ஒன்றாகப் பிணைத்தன. விளையாட்டுக் களம் ஆன்மாவைப் பண்படுத்தும் இடம் என்று போதித்தன. இன்னும் பின்னே போனால் அரிஸ்டாட்டில் நிற்கிறார். கூலிக்குச் செய்யும் வேலை மனத்தின் ஓய்வைப் பறித்து அதைத் தாழ்த்திவிடும் என்றும், சுதந்திர மனிதன் இசையைக்கூடத் தொழிற்கலைஞன் அளவுக்குக் கற்கத் தேவையில்லை என்றும் அவர் எழுதினார். அவருடைய ஏதென்ஸில் அந்த ஓய்வை அடிமைகளின் உழைப்பு சம்பாதித்துக் கொடுத்தது. இங்கிலாந்தில் அதை நிலமும் வாடகையும் கொடுத்தன. பணத்தை வெறுத்தவர்கள் பெரும்பாலும் பணம் இருந்தவர்கள்.

பணம் வாங்காமல் ஆட வேண்டும் என்ற இந்த அமெச்சூர் கொள்கையின் உள்முகம் மிகத் தெளிவாகத் தெரியும் இடங்களில் ஒன்று கனடாவின் மான்ட்ரியல். 1873இல் அங்கே பெடஸ்ட்ரியன் கிளப் அமெச்சூர் என்பவர் யார் என்று வரையறுத்தபோது, பணத்துக்குப் போட்டியிட்டவர்களோடு கூலித் தொழிலாளிகளையும் பூர்வகுடி மக்களையும் சேர்த்து ஒதுக்கியது. ஒருவர் பணம் வாங்கினாரா என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. பிறப்பும் பிழைப்பும் போதும். லக்ராஸ் ஆட்டத்தை வெள்ளையருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அந்தப் பூர்வகுடியினர்தான். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் கானவாகே மோஹாக் மக்கள் ஆடிய ஆட்டம் அது. 1880இல் லக்ராஸ் சங்கம் அமெச்சூர்களுக்கு மட்டும் என்று விதித்தபோது, பயணச் செலவுக்குப் பணம் பெற்ற அந்த அணிகளே தங்கள் சொந்த ஆட்டத்தின் சாம்பியன் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன.

மான்ட்ரியல் அமைந்த தீவின் மேற்கு முனையில், ஒட்டாவா ஆறு செயின்ட் லாரன்ஸுடன் கலக்கும் இடத்தில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊர் இருக்கிறது. மெக்கில் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட் கல்லூரி 1907இல் அங்கே திறக்கப்பட்டது. 1912இல், பீட்டர்ஸ் தடைசெய்யப்பட்ட அதே ஆண்டில், மெக்கில் தன் கனடியக் கால்பந்து அணிக்கு ஃபிராங்க் ஷானஸி என்ற பயிற்சியாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. ஆடுகிற மாணவர் காசு வாங்கக் கூடாது. ஆட்டம் சொல்லித் தருபவர் வாங்கலாம். அணி அந்த ஆண்டே பல்கலைக்கழகங்களுக்கிடையிலான கோப்பையை வென்றது. பயிற்சியாளரின் சம்பளத்தால் ஆட்டம் கெடவில்லை என்றால், ஆட்டக்காரரின் கூலி மட்டும் அதைக் கெடுத்துவிடும் என்ற வாதம் எப்படி நிற்கும்?

பலனில் பற்றில்லாமல் செயல்பட வேண்டும் என்ற கீதையின் போதனை அமெச்சூர் கொள்கையோடு உறவுடையது போலத் தோன்றும். அந்த உறவு பொய்யானது. கீதை பேசுவது செய்பவனின் மனத்தைப் பற்றி. பலனைத் துறக்க வேண்டியவன் அவனே. அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவனைத் துறவி என்று புகழும் உரிமை வேறு யாருக்கும் தரப்படவில்லை. கையில் இருப்பதை விடுவது துறவு. இல்லாதவனிடம் அதை விதியாக்கினால் அது பட்டினி.

தமிழ்ச் சைவம் இதில் இன்னும் தெளிவானது. பெரியபுராணத்தின் கலிய நாயனார் திருவொற்றியூரில் எண்ணெய் வாணிபம் செய்தவர். கோயிலில் விளக்கேற்றுவது அவர் தொண்டு. செல்வம் கரைந்ததும் பிறர் செக்கில் கூலிக்கு உழைத்து, அந்தக் கூலியில் விளக்கேற்றினார். கூலி கலந்ததால் விளக்கு மங்கியதாகப் புராணம் சொல்லவில்லை. மதுரையில் பிட்டு விற்ற மூதாட்டி வந்திக்காகச் சிவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்று, வைகைக் கரைக்கு மண் சுமந்தார். இறைவனின் அறுபத்து நான்கு விளையாடல்களில் ஒன்று கூலி வேலை. அதில் அவர் ஆடுகிறார், பாடுகிறார், வேலையை மறக்கிறார், அரசனிடம் பிரம்படியும் வாங்குகிறார். ஆட்டமும் கூலியும் ஒரே உடலில் ஒட்டாது என்று நினைத்த ஒரு பண்பாடு இந்தக் கதையைச் சொல்லியிருக்க முடியாது. கோயிலில் நாதசுவரம் வாசிப்பவருக்கும் தேவாரம் பாடும் ஓதுவாருக்கும் சம்பளம் உண்டு. மான்ட்ரியல் தீவின் மேற்குப் பகுதியில் ஈழத் தமிழர் எழுப்பிய முருகன் கோயில் வரை அந்த மரபு சென்றிருக்கிறது. சம்பளம் வாங்கினார் என்பதற்காக அவர் இசை அர்ப்பணம் இல்லை என்று எந்த அடியாரும் சொல்வதில்லை.

இதைவிடக் கனமான சான்று சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலேயே உண்டு. முதல் உலகப் போரிலிருந்து காயத்தோடு திரும்பியவர்களுக்காக 1917இல் அங்கே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. 2016 வரை அது கனடாவின் மத்திய அரசிடம் இருந்தது. அங்கே கிடத்தப்பட்ட சாதாரணச் சிப்பாய் நாளொன்றுக்கு ஒரு டாலர் பத்து சென்ட் ஊதியம் வாங்கியவர். அவர் கால் இழந்ததைத் தியாகம் என்றே நாடு அழைத்தது. ஊதியம் அந்தச் சொல்லைக் குறைக்கவில்லை. இங்கிலாந்தின் ரக்பி யூனியனும் போர்க்காலத்தில், சீருடை அணிந்த நார்தர்ன் யூனியன் வீரர்கள் படை அணிகளில் தன் ஆட்டத்தை ஆட அனுமதித்தது. சாவதற்குச் சமமானவர்கள் ஆடுவதற்கும் சமமானார்கள். போர் முடிந்ததும் விலக்கு திரும்பிவிட்டது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. பணம் வந்தால் சூதும் வரும், விலைபோன தோல்விகளும் வரும். கிரிக்கெட் பார்க்கும் இந்தியருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நார்தர்ன் யூனியனே 1898இல் ஊதியத்தை முழுதாக ஏற்றபோது, ஆட்டக்காரருக்கு வேறு தொழில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆட்டம் மட்டுமே பிழைப்பானால் மனிதன் அதற்கு அடிமையாவான் என்ற பயம் அவர்களுக்கும் இருந்தது. ஆனால் இந்தப் பயம் பேராசையைப் பற்றியது. பீட்டர்ஸ் பெற்ற பணத்தில் பேராசையைத் தேட இடமில்லை. அவரைத் தண்டித்த அமைப்பு, தென்னாப்பிரிக்கருக்காக அவரை ஒதுக்கியபோது தன் தூய்மை கெட்டதாக நினைக்கவில்லை. அவர் கைநீட்டிக் காசு வாங்கியபோது கெட்டதாக நினைத்தது. அநீதியைத் தாங்கிக்கொண்டு கூலியைத் தாங்க முடியாத தூய்மை, ஒழுக்கம் என்ற பெயருக்குத் தகுதியற்றது.

பீட்டர்ஸ் பிளிமத்துக்குத் திரும்பி, 1954இல் இறந்தார். இங்கிலாந்து ரக்பி யூனியன் அணியில் அடுத்த கறுப்பர் ஆட 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1995 ஆகஸ்ட் 26 அன்று, ஹடர்ஸ்ஃபீல்ட் பிரிவினைக்கு நூறாண்டு நிறைய மூன்று நாள் இருக்கும்போது, சர்வதேச ரக்பி வாரியம் பாரிஸில் கூடி, ஆட்டக்காரர்கள் ஊதியம் பெறலாம் என்று அறிவித்தது.