யாருடைய பாடு, யாருடைய பொறுமை

1812 மார்ச் 11 அன்று இரவு செராம்பூர் அச்சகம் தீப்பிடித்து எரிந்தபோது மிஷனெரி வில்லியம் கேரி ஊரில் இல்லை. ஹூக்ளி ஆற்றோடு கீழே வந்தால் கல்கத்தா. அங்கே வில்லியம் கோட்டைக் கல்லூரியில் அவருக்கு ஆசிரியர் வேலை. மறுநாள் உடன் ஊழியர் மார்ஷ்மன் நேரில் வந்து செய்தி சொன்னார். பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படி, கட்டுக்கட்டாக அடுக்கியிருந்த காகிதம், தமிழ் உட்படப் பல மொழிகளுக்கு வார்த்து வைத்திருந்த அச்செழுத்துகள் எல்லாம் போய்விட்டன. சாம்பலைக் கிளறியபோது, எழுத்து வெட்டிய எஃகு அச்சுகள் மட்டும் சேதமில்லாமல் கிடைத்தன. உருகி உறைந்து கிடந்த உலோகத்தை அள்ளி, அந்த அச்சுகளைக் கொண்டே மறுபடி எழுத்து வார்த்தார்கள். சில வாரங்களிலேயே வேலை தொடங்கிவிட்டது.

பாடுகள் வரும், பொறுத்திரு, நம்பிக்கையை விடாதே என்று சொல்ல இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. அதனால்தான் சபைகளில் கேரியின் கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. 1793-ல் கல்கத்தாவில் கால் வைத்தவர், இந்த மண்ணில் முதல் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க 7 ஆண்டுகள் காத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். அந்த 7 ஆண்டுகளில் அவர் வீட்டுக்குள் நடந்தது என்ன என்ற பக்கம் மட்டும் வேகமாகப் புரட்டப்பட்டுவிடும்.

கேரியின் மனைவி டாரதி இந்தியாவுக்கு வர மறுத்தவர். செருப்புத் தைத்துக் கொண்டிருந்தவரைக் கட்டிக்கொண்டவர். இரண்டு பெண் குழந்தைகளை ஏற்கெனவே மண்ணுக்குக் கொடுத்தவர். கணவர் புறப்பட்டபோது நிறைமாதக் கர்ப்பிணி. தம் ஊரைத் தாண்டி உலகம் அறியாத பெண், கடல் கடந்து போக முடியாது என்றதில் அவிசுவாசம் எதுவும் இல்லை. கேரி மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாததால் கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அந்த இடைவெளியில் கேரி தரப்பில் மறுபடி வந்து கேட்டார்கள், வற்புறுத்தினார்கள். தங்கை கூட வருவதானால் வருகிறேன் என்று டாரதி இசைந்தார். கைக்குழந்தையோடு ஐந்து மாதக் கடல் பயணம்.

கல்கத்தாவில் கையிலிருந்த பணம் கரைந்தது. மாணிக்தலாவில் யாரோ இரங்கிக் கொடுத்த தோட்ட வீட்டில் சில நாள், பிறகு சுந்தரவனக் காட்டோரம், பிறகு மால்டா பக்கம் முத்னாபாட்டியில் அவுரித் தொழிற்சாலை. வயிற்றுக்கடுப்பு டாரதியை விடாமல் பிடித்துக்கொண்டது. 1794-ல் 5 வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் அவர் மனம் தேறவேயில்லை. கணவர்மேல் ஓயாத சந்தேகம், கூச்சல், கத்தியை எடுத்துக்கொண்டு பாய்ந்ததும் உண்டு. கடைசியில் அறைக்குள் வைத்துப் பூட்ட வேண்டியதாயிற்று. குடும்பம் செராம்பூருக்கு வந்த பிறகு, 1800 டிசம்பர் 28 அன்று ஆற்றங்கரையில் அந்த முதல் ஆளான கிருஷ்ண பால் ஞானஸ்நானம் பெற்றபோது, அதே தண்ணீரில் டாரதியின் மூத்த மகன் பீலிக்ஸும் இறங்கினான். கரையில் கவர்னர் முதல் ஊர் மக்கள் வரை கூடியிருந்தார்கள். பெற்ற தாய் பூட்டிய அறைக்குள் இருந்தார்.

துன்பத்தில் தொடங்கி, பொறுமை வழியாக ஏறி, நம்பிக்கையில் போய்ச் சேரும் ஒரு படிவரிசையைப் பவுல் ரோமருக்கு எழுதுகிறார். அடிபட்டது அவர் முதுகு, சிறையிருந்தது அவர் உடம்பு. ஆகவே அதைச் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் அவருக்கு மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. தான் தேர்ந்துகொண்ட பாட்டைத் தானே சுமந்தவரின் வரிசை அது. தேர்ந்துகொண்டவர் ஒருவர், சுமந்தவர் இன்னொருவர் என்றாகும்போது அந்தப் படிகள் அப்படியே நிற்குமா?

யோபுவின் மனைவியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. யோபு பறிகொடுத்த பத்துப் பிள்ளைகளும் அவள் வயிற்றில் பிறந்தவர்கள். அவன் புலம்பியது அதிகாரம் அதிகாரமாக வேதத்தில் இருக்கிறது. அவள் வெடித்துச் சொன்ன ஒரு பேச்சுக்காக அவளைப் பைத்தியக்காரி என்று பிரசங்கித்து வருகிறோம்.

கேரி கொடியவர் அல்ல. டாரதியை மனநோய்க் காப்பகத்துக்கு அனுப்பிவிடச் சொன்னவர்கள் இருந்தார்கள். அக்காலக் காப்பகங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்தவர் மறுத்துவிட்டார். 1807-ல் டாரதி இறக்கும்வரை பக்கத்து அறையின் கூச்சலைக் கேட்டுக்கொண்டே மொழிபெயர்த்தார். அது கடினமான அன்பு, ஐயமில்லை. அவர் கைபட்டு வங்காள உரைநடை வளர்ந்தது, 1818-ல் செராம்பூர் கல்லூரி எழுந்தது. அந்தக் குடும்பம் இங்கிலாந்திலேயே இருந்திருந்தால் இவை நடந்திருக்குமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது எளிதல்ல. ஆனாலும் நூல்களை ஒரு தட்டிலும் ஒரு பெண்ணின் மனதை இன்னொரு தட்டிலும் வைத்து நிறுக்கலாம் என்று ஒப்புக்கொண்ட அந்த இடத்திலேயே தவறு நுழைந்துவிடுகிறது. சிலுவை கிறிஸ்தவர்களுக்குப் புனிதமானது, அதில் தொங்கியவர் மனமுவந்து தாமே ஏறியதால். அடுத்தவர் தோளில் அதை ஏற்றிவிட்டு, 'பொறுமையாயிரு' என்று புத்தி சொல்வதற்கு அவர் வாழ்க்கையில் ஆதாரம் கிடையாது.

அதே செராம்பூரில் மார்ஷ்மனின் மனைவி ஹன்னாவும் இருந்தார். அதே வெயில், அதே காய்ச்சல்; அவரும் பெற்ற பிள்ளைகளில் பலரைப் பறிகொடுத்தார். ஆனாலும் பள்ளி நடத்தினார், பெண் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார், கணவருக்குப் பின்னும் வாழ்ந்து 1847-ல் கண் மூடினார். ஹன்னாவால் முடிந்தது டாரதியால் ஏன் முடியவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. ஹன்னா தன் விசுவாசத்தில் புறப்பட்டு வந்தவர். டாரதி கணவரின் விசுவாசத்தில் இழுத்து வரப்பட்டவர். நம்பிக்கையைப் பகிரலாம், பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டவும் செய்யலாம். ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கை வைத்து அதன் விலையை மட்டும் அவரிடம் வசூலிக்க முடியாது.

1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் பாஷை தெரியாத ஊர்களுக்கு ஊழியத்துக்குப் போயிருக்கின்றன. அனுப்பும் கூட்டத்தில் கணவரை முன்னே அழைத்துக் கைகளை வைத்து ஜெபிப்பார்கள். மனைவி முக்காடிட்டு அருகில் நிற்பார். அவரைத் தனியாக உட்கார வைத்து, 'அம்மா, உங்களுக்குச் சம்மதந்தானா, பிள்ளைகளை விடுதியில் விட மனம் வருகிறதா' என்று ஒருவர் கேட்டு, அவர் இல்லை என்றால் அதையும் தேவசித்தமாக எடுத்துக்கொள்ளும் சபையில்தான் பாடுகளைப் பற்றிப் பிரசங்கிப்பது நேர்மையாக இருக்கும்.

கேரி தம் உயிலில், இரண்டாம் மனைவி சார்லட்டின் அருகே தம்மை அடக்கம் செய்யும்படி எழுதிவைத்தார். ஏறக்குறைய 40 மொழிகளில் வேதத்தை முழுதாகவோ பகுதியாகவோ அச்சேற்றிய அந்தச் செராம்பூர் மண்ணில்தான் டாரதியும் கிடக்கிறார். 1781-ல் பிடிங்டன் கோயிலின் திருமணப் பதிவேட்டில் வில்லியம் கேரி தம் பெயரை எழுதினார். எழுதத் தெரியாத மணப்பெண் பேனாவை வாங்கி, தன் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு சிலுவைக் குறி போட்டார்.