நம் சுத்தம் யாருக்கு அசுத்தம்?

நம் ஃபிக்ஹு நூல்கள் பெரும்பாலும் சுத்தத்தைப் பற்றிய பாடத்தோடுதான் தொடங்குகின்றன. தொழுகைக்கு முன்னால் ஒளு, ஒளுவுக்கு முன்னால் தண்ணீர். மக்தபில் ஓதும் சிறுவனும் தண்ணீரின் மூன்று குணங்களை ஒப்பிப்பான்: நிறம், மணம், ருசி. நஜீஸ் விழுந்து இம்மூன்றில் ஒன்று மாறிவிட்டாலும் அந்தத் தண்ணீர் ஒளுவுக்கு உதவாது. இரண்டு குல்லத் அளவுக்குக் குறைவான நீரென்றால், குணம் மாறாவிட்டாலும் நஜீஸ் பட்டதுமே அது கெட்டுவிடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். ஹனஃபி மத்ஹபிலோ, பத்துக்குப் பத்து முழம் ஹவுளு என்று அளவு சொல்கிறார்கள்.

நம்மிடம் வரும் தண்ணீரைப் பற்றி இவ்வளவு பேணுதல்! நம்மைவிட்டுப் போகும் தண்ணீரைப் பற்றி என்றைக்காவது ஒரு மஸ்அலா கேட்டிருக்கிறோமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வாழும் நமக்குக் கடல் கிழக்கே எங்கோ இருக்கிறது. ஆனால் தண்ணீருக்கு அது தூரமில்லை. இது ஏரிகளின் நாடு. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் ரெட்டேரிக்கும் நீர் போகும்படி முன்னோர் அமைத்திருந்தார்கள். பூந்தமல்லி, திருவேற்காடு பக்கத்து நீர் கூவத்தில் சேர்ந்து, நகரத்தைக் கடந்து, நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. அந்த வழியே இன்று மழைநீரோடு நம் வீட்டுக் கழிவும் தொழிற்கூடங்களின் கழிவும் போகின்றன. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

கழிவு கலந்தால் ஏரியில் என்ன நடக்கிறது? அதை அழுகச் செய்யும் நுண்கிருமிகள் நீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சிவிடுகின்றன. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிச் செத்து மிதக்கின்றன. சோப்புத் தூளிலும் மலத்திலும் உள்ள சத்துக்களைத் தின்று ஆகாயத்தாமரை ஏரியை மூடிவிடுகிறது. வெயிலும் காற்றும் உள்ளே புகுவதில்லை. மீனை நம்பி வந்த நீர்க்காகமும் நாரையும் கூழைக்கடாவும் வேறிடம் தேடுகின்றன. அந்த வேறிடமும் இதே கதியில் இருந்தால் அவை எங்கே போகும்?

ஆறு கடலைச் சேரும் முகத்துவாரம் இறால், மீன் குஞ்சுகளின் தொட்டில். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து நீரோட்டம் மேடிட்டிருக்கிறது. அதன்மேல் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து பரவியது. படகும் வலையும் பாழாகி மீனவர் பிழைப்பு நின்றது. கூழைக்கடாக்கள் கறுத்த இறகுகளோடு நின்றன. பறவையின் இறகில் நீர் ஒட்டாதிருப்பது அல்லாஹ் அதற்கு அளித்த சட்டை. எண்ணெய் அந்தச் சட்டையைக் கெடுக்கிறது. உடல் நனைந்து குளிரில் விறைக்கிறது. அலகால் கோதிக் கோதி அந்த எண்ணெயையே பறவை விழுங்கிவிடுகிறது.

"நாங்கள் வேண்டுமென்றா செய்தோம்? அமல்கள் நிய்யத்தைக் கொண்டல்லவா?" என்று கேட்போர் உண்டு. நிய்யத்தைப் பற்றிய ஹதீஸ் உண்மை. ஆனால் நம் ஷரீஅத் அதோடு நின்றுவிடவில்லை. தவறுதலாக ஒருவரைக் கொன்றவர் கொலைகாரர் ஆகமாட்டார். ஆயினும் உரியவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும், கஃப்பாராவும் நிறைவேற்ற வேண்டும் என்று திருமறை விதிக்கிறது. நிய்யத் இல்லாதது குற்றத்தின் பெயரை மாற்றும், பொறுப்பைப் போக்காது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி அது. இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமற்போனால் மூச்சடைத்துச் சாகும். வலை விரித்தவர் எவரும் ஆமையை நாடி விரிக்கவில்லை. அதனால் ஆமை பிழைத்துவிட்டதா?

அறியாமல் செய்தவருக்கே இவ்வளவு பொறுப்பென்றால், அறிந்த பின்பும் தொடர்ந்து செய்பவர் என்ன சமாதானம் சொல்ல முடியும்?

"ஆலைகள் கொட்டும் இடத்தில் என் ஒரு வாளி என்ன செய்துவிடும்?" என்பது அடுத்த சமாதானம். இங்கேதான் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கப்பல் உவமையை நினைக்க வேண்டும். கீழ்த்தட்டில் இருந்தவர்கள், மேலே சென்று தண்ணீர் மொண்டு வரும் சிரமத்துக்காகத் தங்கள் பங்கில் ஓட்டை போட நினைத்தார்கள். மற்றவர்கள் தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவார்கள். அந்தக் கப்பலில் ஓட்டை போடுபவரும் மூழ்குவார். ஆகவே உயிருக்குப் பயந்தாவது கையை நிறுத்துவார். நம் நிலை வேறு. நாம் மேட்டில் இருக்கிறோம். நாம் விட்ட கழிவு நம் வாசலை விட்டுப் போய்விடுகிறது. மூழ்குவது பள்ளத்தில் உள்ள மீனவரும் மீனும் பறவையும். நமக்கு நஷ்டமில்லாத பாவத்தைத் தடுக்கச் சுயநலம் உதவாது. தக்வா ஒன்றே உதவும்.

மனிதருக்கு இழைத்த தீங்குக்கு அவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும் என்று ஓதியிருக்கிறோம். கூழைக்கடாவிடம் எப்படி மன்னிப்புப் பெறுவது? கியாமத்து நாளில் கொம்பில்லாத ஆட்டுக்குக் கொம்புள்ள ஆட்டிடமிருந்து கணக்குத் தீர்க்கப்படும் என்று ஹதீஸில் வந்துள்ளது. ஆட்டுக்கு ஆடே பதில் சொல்ல வேண்டிய மன்றத்தில் அறிவு பெற்ற மனிதனின் கதி என்ன? பூமியில் ஊர்வனவும் சிறகடித்துப் பறப்பனவும் நம்மைப் போன்ற உம்மத்துகளே என்று சூரா அன்ஆம் உணர்த்துகிறது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் ஷாஃபிஈ மேதை இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளைத் தம் நூலில் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அதைக் கருணை என்று விடவில்லை. ஹக்கு என்றே எண்ணினார்கள்.

சக்திக்கு மீறிய கடமை நம் மார்க்கத்தில் இல்லை. பாதாளச் சாக்கடை வராத தெருவில் வாடகைக்கு இருப்பவர் ஆற்றைத் திருத்திவிட முடியாது. ஆனால் ஒவ்வொருவர் கைக்கும் எட்டியது ஒன்று உண்டு. குர்பானி நாட்களில் குடலையும் கழிவையும் கால்வாயிலோ ஏரிக்கரையிலோ வீசாமல் புதைக்கலாம். முடியாதவர்கள் மாநகராட்சி, நகராட்சி வண்டியில் சேர்க்கலாம். கழிவுத்தொட்டியை எடுக்கும் லாரிக்காரரிடம், "எங்கே கொட்டுவீர்கள்?" என்று கேட்ட பிறகு பணம் கொடுக்கலாம். சமையலறை எண்ணெயையும் பிளாஸ்டிக் பையையும் சாக்கடையில் விடாதிருக்கலாம். தொழிற்கூடம் நடத்துவோர் கழிவைச் சுத்திகரிக்கும் செலவை வியாபாரச் செலவாகவே எண்ண வேண்டும். அதை மிச்சப்படுத்திய லாபம் பிறர் ஹக்கிலிருந்து எடுத்த லாபம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒளு செய்த நீர் மறுபடி ஒளுவுக்கு உதவாது; ஆனால் அது நஜீஸ் அல்ல. அதைச் சாக்கடையில் சேர்ப்பானேன்? தென்னைக்கும் வேம்புக்கும் பாய்ச்சலாம். மணலும் கல்லும் இட்ட குழியில் இறக்கினால் நிலத்தடி நீராகும்.

தேங்கிய நீரில் சிறுநீர் கழிக்காதீர்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தண்ணீர்த் துறையிலும் பாதையிலும் நிழலிலும் மலம் கழிப்பது சாபத்தைத் தேடித் தரும் என எச்சரித்தார்கள். ஒருவரின் சிறுநீரையே தடுத்த மார்க்கம், ஓர் ஊரின் சாக்கடையை அனுமதிக்குமா?

தஹாரத் என்பது அழுக்கை நீக்குவது. நம் மேனியிலிருந்து எடுத்து இன்னொரு படைப்பின் மேல் போட்டால் அழுக்கு நீங்கவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. வல்ல நாயன், நம் சுத்தம் எவருக்கும் எவ்வுயிருக்கும் அசுத்தமாகாதபடி வாழ நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.