உறக்கத்தைத் துறப்பது தவமா?

பகல் முழுவதும் உழைத்த பின்னும் பணி மீதமிருக்கிறது. விளக்கை அணைப்பதா, கண்விழித்து முடிப்பதா? மாணவன், வணிகன், சாதகன் ஆகிய அனைவர் முன்னும் இக்கேள்வி எழுகிறது. குறைவாக உறங்குபவனே மனவுறுதி மிக்கவன் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. ஆனால் உறக்கத்தைத் துறப்பது தவமாகுமா?

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் தெளிவான விடை தருகிறது. மிகுதியாக உறங்குபவனுக்கும் யோகம் கைகூடாது. உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் கைகூடாது. உணவிலும் உழைப்பிலும் உறக்கத்திலும் அளவறிந்து நடப்பவனுக்கே அது துன்பத்தைப் போக்குகிறது. உடலைத் தாங்கும் துணைத்தூண்கள் மூன்றனுள் ஒன்றாக உறக்கத்தைச் சரக சம்ஹிதை குறிப்பிடுகிறது.

நவீன அறிவியலும் இதையே உணர்த்துகிறது. உடலின் உயிரணுக்களில் இயங்கும் நாட்கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. உறக்கத்தின்போது மூளை பகலில் கற்றவற்றை நினைவில் பதிக்கிறது. வயது வந்தோருக்கு நாள்தோறும் 7 மணி நேர உறக்கமாவது தேவை. அது தொடர்ந்து குறையுமானால் இரத்த அழுத்தம், நீரிழிவு, மனச்சோர்வு ஆகியவை நேரும் வாய்ப்பு மிகுகிறது. பொறுமை தளர்கிறது, சொல் தடிக்கிறது. உறக்கமின்றி வாகனம் ஓட்டுபவன் தன் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறான். ஆகவே உறக்கம் உடல்நலம் பற்றியது மட்டுமன்று, அறம் பற்றியதும் ஆகும்.

‘நான் இல்லாவிட்டால் எதுவும் நடக்காது’ என்ற எண்ணமே பலரை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் தந்தை தந்தையல்ல, திருடன் திருடனல்ல என்கிறது பிருஹதாரண்யக உபநிஷதம். பதவியையும் பட்டத்தையும் இறக்கி வைக்காமல் எவராலும் உறங்க முடியாது. அவர் உறங்கும்போதும் உலகம் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் உறக்கமே குறிக்கோளா? இல்லை. ஆழ்ந்து உறங்குபவனே ஆன்மா என்று பிரஜாபதி கூறக் கேட்ட இந்திரன் முதலில் மனநிறைவுடன் திரும்பினான். ஆனால், தன்னையே அறியாத அந்நிலையால் என்ன பயன் என்று வழியிலேயே ஐயுற்று மீண்டும் குருவை நாடினான் என்று சாந்தோக்கிய உபநிஷதம் கூறுகிறது. உறக்கத்தில் அகந்தை ஒடுங்குகிறது, அழிவதில்லை. விழிப்பிலும் அதை இறக்கி வைப்பதே சாதனை.

நோயுற்ற குழந்தையின் அருகே விழித்திருக்கும் தாய் உறக்கத்தை இழக்கவில்லை, அளிக்கிறாள். ஆசைக்காக விழிப்பதும் அன்புக்காக விழிப்பதும் ஒன்றல்ல. விடிந்ததும் அவளை உறங்கச் செய்து அப்பொறுப்பை மற்றொருவர் ஏற்பதும் சேவையே. உறக்கம் மனிதனின் அடிப்படை உரிமை என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இறைவன் பெயரால் நள்ளிரவில் ஒலிபெருக்கியை முழங்கச் செய்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியதை முழுமனத்துடன் செய்து, எஞ்சியதை இறைவனிடம் ஒப்படைத்துக் கண்ணயர்பவன் கடமையிலிருந்து தவறுவதில்லை. மறுநாள் கடமைக்குத் தன்னைத் தகுதியாக்கிக்கொள்கிறான்.