மலிவு சார்ஜரும் நம்பிக்கையின் அறமும்

மலிவு விலையில் விற்கப்படும் வயர்லெஸ் சார்ஜரால் கைபேசிக்கும் அதன் பேட்டரிக்கும் கேடு விளையுமா என்னும் கேள்வி பொறியியலுக்கு மட்டுமே உரியதாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு விடை சொல்வோர் எதனை ஆதாரமாகக் கொண்டு சொல்கின்றனர் என்று பார்க்கத் தொடங்கியதும், அது அளவையியலுக்குள், அதாவது ஓர் அறிவு எவ்வழியால் பெறப்பட்டது, அவ்வழி நம்பத்தக்கதா என ஆராயும் மெய்யியல் துறைக்குள் நுழைந்துவிடுகிறது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், ஆறென்றும் பத்தென்றும் பிறர் எண்ணிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். பொறிகளால் நேரே அறிவது காண்டல், அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாததை உய்த்துணர்வது கருதல், நம்பத்தக்கோர் சொல்லால் அறிவது உரை. ஒரு சார்ஜர் பாதுகாப்பானது என்பது இம்மூன்றில் எதனால் அறியப்படுகிறது?

காண்டலுக்கு இங்கு இடம் குறைவு. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே வயர்லெஸ் சார்ஜரின் அடிப்படை: சார்ஜர் தட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் இடைவிடாது மாறுகிறது, அம்மாற்றம் கைபேசியின் பின்புறத்துச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரு சுருள்களும் நேருக்கு நேர் அமையாவிட்டால் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. அவ்வெப்பத்தைக் கை உணரும். அது பேட்டரிக்குள் செய்வதைக் கை உணராது. லித்தியம் அயனி பேட்டரியைச் சார்ஜ் செய்வதற்குப் பொதுவாக 45 டிகிரி செல்சியஸே மேல்வரம்பாகக் கொள்ளப்படுகிறது. சூடு மிகும்போது எதிர்மின்முனையின் மேல் படியும் மெல்லிய படலம் விரைவாகத் தடித்து, மின்னைச் சுமக்க வேண்டிய லித்தியத்தைத் தனக்குள் பூட்டிவைத்துக்கொள்கிறது. பேட்டரியின் கொள்ளளவு சிறிது சிறிதாகக் குறைகிறது. மலிவான தட்டு பேட்டரியை அளவுக்கு மீறி நிரப்பிவிடும் என்ற பரவலான அச்சம் பெரும்பாலும் இடம் மாறிய அச்சமே. எப்போது நிறுத்துவது என்பதைக் கைபேசிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லே தீர்மானிக்கிறது, தட்டு தீர்மானிப்பதில்லை. அஞ்ச வேண்டியவை வெப்பமும், இடையில் அகப்படும் உலோகமுமே.

இந்த உலோகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தட்டுக்கும் கைபேசிக்கும் நடுவே ஒரு நாணயமோ சாவியோ கிடந்தால், மாறும் காந்தப்புலம் அதனுள் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கி அதனைச் சூடேற்றும். 2008இல் தொடங்கப்பட்ட வயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் என்னும் கூட்டமைப்பு வகுத்த ‘சீ’ (Qi) தரநிலை இதற்கு ஒரு வழி கண்டது. கைபேசி தான் பெற்ற ஆற்றலின் அளவை, தன் மின்சுமையை நுணுக்கமாக ஏற்றியிறக்குவதன் வாயிலாகத் தட்டுக்கு அவ்வப்போது தெரிவிக்கிறது. தட்டு தான் அனுப்பியதையும் கைபேசி பெற்றதையும் ஒப்பிட்டு, கணக்கில் வராத இழப்பு வரம்பைத் தாண்டினால் இடையில் வேறொரு பொருள் இருப்பதாகக் கொண்டு மின்னை நிறுத்திவிடுகிறது. விலையைக் குறைக்க முற்படும் ஒருவர் இந்த ஒப்பீட்டை அரைகுறையாகச் செய்தாலும், அடியோடு விட்டுவிட்டாலும், தட்டின் தோற்றத்திலோ அன்றாடப் பயன்பாட்டிலோ எந்த வேறுபாடும் தெரியாது. சேமித்த பணம் காண்டலுக்கு எட்டாத இடத்திலிருந்தே சேமிக்கப்பட்டிருக்கிறது.

எனவே பலரும் கருதலை நாடுகின்றனர்: ஓராண்டாக இரவுதோறும் பயன்படுத்தியும் எதுவும் நேரவில்லை, ஆகவே இது பாதுகாப்பானது. இவ்வாதம் எங்கே வழுவுகிறது என்பதை மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்த அளவை நூல் தெளிவாகவே காட்டிவிடும். அங்கு ஏது, அதாவது முடிவை நிறுவக் காட்டப்படும் காரணம், போலியாகும் வகைகளுள் ஒன்று அநைகாந்திகம். நிறுவ வந்த முடிவு உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் காரணம் அது. ஓராண்டு விபத்தின்றிக் கழிதல் நல்ல தட்டுக்கும் நேரும், உலோகத்தை அறியும் திறனற்ற தட்டுக்கும், நாணயம் ஒன்று அதன்மேல் தங்காதவரை, நேரும். இரண்டுக்கும் பொதுவான ஒன்று இரண்டையும் பிரித்துக்காட்டும் சான்றாக முடியாது. விலை குறைவு என்பதும் இத்தகைய ஏதுவே, ஏனெனில் தரநிலைக்கு முழுதும் இணங்கி மலிவாக விற்கப்படும் சார்ஜர்களும் உண்டு.

எஞ்சுவது உரை. கௌதமரின் நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே பிறருக்கு உணர்த்தும் விருப்பத்தால் பேசுபவரே ஆப்தர், அதாவது நம்பத்தக்கவர் என்றார். இவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் சேர்த்துக்கொண்டார். பிறப்பாலோ பெயராலோ அன்றி இவ்விரு நிபந்தனைகளாலேயே ஒருவர் சொல் சான்றாகிறது என்பது வியக்கத்தக்க நேர்மை. சோதனைக்கூடத்தில் தட்டின் மேல் உலோகத் துண்டை வைத்து வெப்பத்தை அளந்தவருக்கு முதல் நிபந்தனை பொருந்தும். பெட்டியின் மேல் ‘சீ’ முத்திரையை அச்சிட்டு, உள்ளிருப்பதைச் சோதிக்காமல் விற்பவருக்கு இரண்டுமே பொருந்தா. முத்திரையை யாரும் அச்சிட்டுவிடலாம். சான்று பெற்ற பொருள்களின் பட்டியலைக் கூட்டமைப்பு பொதுவில் வைத்திருப்பதால், மாடல் எண்ணைக் கொண்டு அதில் தேடிப் பார்க்கும்போதுதான் அச்சிட்ட சொல் சோதிக்கத்தக்க சொல்லாகிறது.

1877இல் ‘நம்பிக்கையின் அறம்’ என்னும் கட்டுரையில் ஆங்கிலக் கணிதவியலாளர் வில்லியம் கிளிஃபர்ட், பழுதுபட்ட பழங்கப்பலைப் பற்றித் தன் மனத்தில் எழுந்த ஐயங்களைத் தானே அமுக்கிவிட்டுப் பயணிகளோடு அதனை அனுப்பிய உரிமையாளர் ஒருவரைக் கற்பனை செய்தார்; கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் சிறிதும் குறையாது, ஏனெனில் தம் முன்னிருந்த சான்றுகளைக் கொண்டு அவ்வாறு நம்ப அவருக்கு உரிமை இல்லை என்பதே கிளிஃபர்டின் வாதம். அதே முறையில், உலோகத்தை அறியும் ஏற்பாட்டை நீக்கிவிட்டுச் சார்ஜரைச் சந்தைக்கு அனுப்புபவர், எந்த வீட்டிலும் தீப்பற்றாவிட்டாலும், குற்றமற்றவர் ஆகமாட்டார். வாங்குபவரை இதே தராசில் வைத்து நிறுப்பது முறையன்று. கப்பலின் உரிமையாளர் விரும்பியிருந்தால் அதனைப் பழுதுபார்க்கச் செய்திருக்க முடியும்; சார்ஜரை வாங்குபவரிடமோ அதனைத் திறந்து சோதிக்கும் கருவியும் இல்லை, கல்வியும் இல்லை. கைப்பணம் குறைவாக இருப்பதால் மலிவானதை எடுத்தவரின் பொறுப்பு, தட்டின் மேல் சாவி கிடக்காமல் பார்த்துக்கொள்வதோடும், கைபேசி சூடேறினால் எடுத்துவிட்டுப் பழைய வயர் சார்ஜரையே செருகிக்கொள்வதோடும் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது.