குழந்தைக்கு வைக்கும் மொய்

ஏழு வயதுக் குழந்தைக்கு என்ன பரிசு வாங்கலாம் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், பதில்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: “யூஸ்ஃபுல்லா எதாவது வாங்கு.” ரோபோ கிட், அபாகஸ், உலக உருண்டை, பொது அறிவுப் புத்தகம். யாருக்கு யூஸ்ஃபுல் என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. குழந்தைக்குத்தான் என்போம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் நம்முடைய கணக்கு ஒன்றும் உட்கார்ந்திருக்கிறது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் விசேஷ வீடுகளில் நோட்டோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதுவார். நாளை அவர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்போம். மொய்யை நான் மட்டமாக நினைக்கவில்லை. கையில் காசில்லாத எத்தனையோ வீடுகளில் காதுகுத்தும் கல்யாணமும் அந்த நோட்டை நம்பித்தான் நடந்தன. ஆனால் அது கொடை இல்லை. வள்ளுவர் ஈகை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, இல்லாதவர்க்குத் தருவதை மட்டும் ஈகை என்று வைத்துக்கொண்டு, மீதியை எல்லாம் ‘குறியெதிர்ப்பை’ என்று ஒதுக்கிவிடுகிறார். அளவு குறித்து வாங்கி, அதே அளவில் திருப்பித் தருவது என்று பரிமேலழகர் அதற்குப் பொருள் சொல்கிறார்.

குழந்தையால் திருப்பித் தர முடியாது. அதனால் குழந்தைக்குக் கொடுப்பதாவது சுத்தமான கொடை என்று தோன்றலாம். நான் பார்த்தவரை வசூல் இரண்டு வழிகளில் நடக்கிறது.

ஒன்று, பெற்றோரிடம். திண்டிவனத்தில் ஒரு பிறந்தநாளில் உறவினர் ஒருவர் மூவாயிரம் ரூபாய் ரோபோ கிட் கொடுத்தார். பையன் பெட்டியைப் பிரிப்பதற்குள் அவன் அம்மா விலையைப் பார்த்து நோட்டில் எழுதிவிட்டார். “பின்ன என்னப்பா, நாளைக்கு அவங்க பொண்ணுக்கு நாங்க எதைத் தூக்கிட்டுப் போறது?” என்றார். பெட்டி பீரோ மேல் ஏறியது. பையனுக்கு விளையாட்டும் இல்லை, வீட்டுக்கு ஒரு கடனும் ஏறியது.

இரண்டாவது வசூல் குழந்தையிடமே. “நான் வாங்கிக் குடுத்ததை வச்சு என்ன செஞ்ச, காட்டு பாப்போம்.” அடுத்த முறை போகும்போது நாம் கேட்கும் இந்தக் கேள்விதான் வட்டி.

இந்த ஆசை உலகம் முழுக்க உண்டு. ஜெர்மனியில் 1840இல் தன் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ என்று பெயர் வைத்த ஃப்ரோபெல், குழந்தைகளுக்கான தன் விளையாட்டுப் பொருட்களைப் ‘பரிசுகள்’ என்றே அழைத்தார். முதல் பரிசு வண்ண நூல்பந்துகள். மூன்றாவது, எட்டுச் சிறு கட்டைகளாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். 1876 ஃபிலடெல்ஃபியா கண்காட்சியில் இவற்றைப் பார்த்த ஒரு தாய் தன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தார். மகன் ஃப்ராங்க் லாய்ட் ரைட், பின்னாளில் பெரும் கட்டடக் கலைஞர். தன் வரலாற்றில் அந்தக் கட்டைகளை நன்றியோடு நினைவுகூர்கிறார். பொம்மை விற்பவர்களுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. ஆனால் அதே கட்டைகளை வைத்து விளையாடிய எத்தனையோ பிள்ளைகள் தச்சர்களாகவும் கணக்கர்களாகவும் ஆகியிருப்பார்கள். அவர்களுக்குக் கொடுத்த பரிசு வீணா? வீண் என்றால் நாம் கொடுத்தது பரிசே இல்லை, முதலீடு.

நல்ல பரிசில் குழந்தை முடிவு செய்ய ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து நுங்கு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நுங்கு தின்ற இரண்டு பனங்காய்க் கூடுகள் சக்கரம், நடுவே செருகிய குச்சி அச்சு, கவட்டை உள்ள நீளக் கம்பு தள்ளுவதற்கு. காய் உருண்டையாக இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஏன் இழுக்கிறது என்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்க வேண்டும். சில நாளில் காய்ந்து சுருங்கிவிடும். யாரும் அதற்குக் கணக்கு கேட்க மாட்டார்கள்.

உடனே எனக்கே ஒரு சங்கடம் வருகிறது. நகரத்துச் சம்பளம் வாங்கும் நான் நுங்கு வண்டியைப் புகழ்வது சுலபம். புதுப் பெட்டியைப் பிரிக்கும் சந்தோஷமே கிடைக்காத குழந்தைக்கு, பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கும் ரிமோட் கார்தான் வேண்டும். அந்த ஆசையைத் திருத்த எனக்கு என்ன உரிமை? இல்லாதவனுக்கு எளிமையைப் பரிசளிப்பது, இருப்பவனுடைய கஞ்சத்தனத்துக்கு இன்னொரு பெயர். கார் கேட்டால் கார்தான். அதைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்தால் திட்டாமல் இருப்பது பரிசின் இரண்டாம் பாதி. அந்தப் பாதியைத்தான் நாம் பெரும்பாலும் கொடுப்பதில்லை.

விலையே எழுத முடியாத பரிசுகளும் உண்டு. மயிலத்துக்கு அப்பால் திருவக்கரை இருக்கிறது. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அள்ளும். பக்கத்திலேயே இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. மண்ணில் புதைந்த மரத்துக்குள் நீரில் கரைந்த சிலிக்கா மெல்ல மெல்ல இறங்கி, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. வளையங்கள் இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. வேரும் கிளையும் இல்லாததால், வெள்ளம் வேறெங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்திருக்கும் என்கிறார்கள். அங்கிருந்து ஒரு துண்டுகூட வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது. குழந்தை கையில் எதுவும் இல்லாமல், “மரம் கல்லாச்சுன்னா அதுக்குள்ள இருந்த எறும்பு என்ன ஆச்சு?” என்ற கேள்வியோடு மட்டும் திரும்பலாம். அந்தக் கேள்வியும் வராமல், வழியில் வாங்கித் தந்த ஐஸ் மட்டும் நினைவில் இருக்கலாம். அதுவும் சரிதான்.

ஆகவே, ‘இதனால் குழந்தை என்ன ஆகும்’ என்பதைப் பரிசின் அளவுகோலாக நான் வைப்பதில்லை. இதை உடைக்க, மறக்க, அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட அவளுக்கு உரிமை உண்டா? அவள் அம்மா நோட்டைத் தேட வேண்டியிருக்குமா? அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது, அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் என்னால் சாப்பிட்டுவிட்டு வர முடியுமா? கடைசிக் கேள்விதான் கஷ்டம். அதற்கு ஆமாம் என்று சொல்ல முடிந்தால், கடையில் எதை எடுத்தாலும் பெரிய தவறு வராது.