இடைசெவலுக்கு வந்த கடிதங்கள்

கோவில்பட்டிப் பக்கத்து ஊர் இடைசெவல். அங்கே ஒன்றாக வளர்ந்தவர்கள் எழுத்தாளர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் (கி.ரா.). அழகிரிசாமி பத்திரிகை வேலைக்காகச் சென்னை போனார், பிறகு மலேயா. கி.ரா. கரிசல் காட்டு விவசாயியாக ஊரிலேயே இருந்தார். நட்பு குறையவில்லை, தபாலில் ஏறிக்கொண்டது. இலக்கியம், சங்கீதம், ஊர் நினைவு எல்லாம் அந்தக் கடிதங்களில் உண்டு.

1970-இல் அழகிரிசாமி மறைந்தபோது வயது 46தான். நண்பர் எழுதியவற்றைக் கி.ரா. பாதுகாத்து, நூலாகவும் கொண்டுவந்தார். எழுதியதைவிட, தாளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்த அந்த மனசுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் வீட்டிலும் தாத்தா கம்பியில் குத்திவைத்த கடிதங்கள் இருக்கும். தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒன்றையாவது இன்று எடுத்துப் படியுங்கள்.