அடிவாரத்தில் ஒரு கொங்சி

"எழுபத்தாறுக்குக் கீழதானே தம்பி? அப்புறம் ஏன் பயப்படுறீங்க?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சீனியர் அண்ணன் என்னிடம் கேட்டது. பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலே இருந்தாலோ, சரிவு 25 பாகையைத் தாண்டினாலோ அது மலைநிலம். அங்கே கட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. எங்கள் சைட் அந்தக் கோட்டுக்குக் கீழே, அடிவாரத்தில்.

கோடு வரைபடத்தில் இருக்கிறது. மண்ணுக்கு அது தெரியாது. கொடிமலை கருங்கல் மலை. வெயிலிலும் மழையிலும் கல் மண்ணாகி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அடிவாரத்தில் தங்குகிறது. மேலே பெய்த தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். அந்த அடியை வெட்டினால் மேலே நிற்பதற்குப் பிடிமானம் போய்விடும். 2017 அக்டோபர் 21, தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் சரிவு இடிந்து 11 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 19, புக்கிட் கூக்குஸ் சாலைப் பணியில் 9 பேர். பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள்.

எங்கள் சைட்டிலும் வெட்டிய சரிவுக்கு நேர் கீழே தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொங்சி இருந்தது. "வேற இடத்துக்கு மாத்தலாமா அண்ணே?" என்றேன். "ரெண்டு மாசம்தானே தம்பி" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. ரெண்டு மாசமும் மழை பெய்தது. ஒன்றும் நடக்கவில்லை. கொங்சியைப் பிரித்துவிட்டார்கள்.

அந்த ‘ஒன்றும் நடக்கவில்லை’தான் இன்னும் உறுத்துகிறது. 1976இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவவாதிகள் இதை ‘அற அதிர்ஷ்டம்’ என்ற பெயரில் விவாதித்தார்கள். ஒரே தவற்றைச் செய்த இருவரில் ஒருவர் குற்றவாளி ஆகிறார். மற்றவர் வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார். இடையில் இருந்தது அதிர்ஷ்டம் மட்டும். சரிவு விழுந்திருந்தால் என்னை நானே மன்னித்திருக்க மாட்டேன். விழவில்லை என்பதற்காக நான் பேசாமல் இருந்தது சரியாகிவிடுமா?

"தீவு சின்னது, எங்கதான்டா கட்டறது?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயம்தான். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வளர்ந்தவன் நான். அதுவும் மலை அடிவாரம். ஆபத்தே இல்லாத இடம் கிடையாது. ஆனால், கணக்கில் பாதுகாப்புக் காரணி 1.5 என்று எழுதும்போது அது சரிவின் பலத்தை மட்டும் சொல்கிறது. கீழே தூங்குகிறவர் யார், அவருக்கு விஷயம் தெரியுமா என்பதெல்லாம் அதில் இல்லை. அவரிடம் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை.

இப்போது எந்த சைட்டுக்குப் போனாலும் முதலில் கொங்சி எங்கே என்று பார்க்கிறேன். சரிவுக்குக் கீழே இருந்தால் மாற்றச் சொல்லிக் கேட்கிறேன். "ரெண்டு மாசம்தானே" என்றால், இன்னொரு தடவை கேட்கிறேன்.